கதவுக்கு நேர் கதவு

"பையத் திறங்க" என்றார் ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர்.

இளைஞர் ஜிப்பை இழுத்தார். உள்ளே பட்டாசு இல்லை, முருகன் இருந்தார். அடுத்த தாளில் மகாலட்சுமி, அதற்கடுத்து காமராஜர், பிறகு ரோஜாவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் கொழுகொழு குழந்தை. ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் ஆல்பம் வெளியாகும். அதைத் தூக்கிக்கொண்டு ஆவணியில் ஆர்டர் பிடிக்கக் கிளம்பும் கூட்டத்தில் இவரும் ஒருவர். பட்டாசு செய்கிற சீமைக்காரர்களுக்குப் பட்டாசோடு ரயிலேற வழியில்லை. ரயில்வே சட்டத்தின் 164வது பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. காவலர் முருகனைச் சற்று நேரம் பார்த்தார். ஜிப்பைத் தானே மூடிவிட்டு அடுத்த பைக்கு நகர்ந்தார்.

விருதுநகர் ஜங்ஷன். இரவு. நான் அடுத்த பெஞ்சில் இருந்தேன். இந்த மாதிரி இடங்களில் எனக்குப் பேச வராது, பார்ப்பதோடு சரி.

இளைஞரோடு ஒரு பெரியவர். வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மடக்கு லென்ஸ். இவர் 'மாமா' என்கிறார், அவர் 'மாப்ள' என்கிறார். மாமா விருதுநகரிலிருந்து தினம் பஸ்ஸேறி சிவகாசிக்குப் போய் ஆப்செட் மெஷினில் நின்றவர், இப்போது வடபழனியில் மகள் வீட்டுக்குப் புறப்பட்டிருக்கிறார் என்பதெல்லாம் பேச்சுவாக்கில் காதில் விழுந்தவை. மடியில் எண்ணெய் பரோட்டாப் பொட்டலம் தாள் நனைந்து மின்னியது. கையைக் கைக்குட்டையில் இரண்டு தரம் துடைத்துவிட்டு ஆல்பத்தை வாங்கினார். முருகனின் முகத்தைப் பார்க்கவில்லை. லென்ஸை விரித்து வேலின் நுனியில் வைத்தார். நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு நான்கும் அந்த நுனியில்தான் ஒன்றாகக் கூட வேண்டும்.

"வெலகல" என்றார்.

"எப்பிடி வெலகும்? இப்ப எல்லாம் சென்சார் மாமா."

"சென்சார் கெடக்கட்டும். தாளு எங்கன நிக்கணுமோ அங்கன நின்னாத்தான் எல்லாம்."

ஆப்செட் மெஷினில் தாள் சரிந்து வரும். முன்னால் நிற்கும் சின்ன உலோகத் தடுப்புகளில் வந்து முட்டி ஒரு கணம் நிற்கும். பக்கவாட்டிலும் ஒரு இழுப்பு. இரண்டும் சரியாக அமைந்த பிறகே கிரிப்பர் அதைக் கவ்வி உருளைக்குள் கொண்டுபோகும். அந்த நிற்றல் மயிரிழை தப்பினால் முருகனுக்கு இரண்டு உதடு. வாழ்நாள் முழுக்க ஒன்றை நிறுத்துகிற வேலை பார்த்தவரின் கண் அது என்று எனக்குப் பட்டது.

வண்டி வரும் அறிவிப்பு கேட்டதும் நடைமேடை எழுந்தது. பெட்டி எண் காட்டும் மின்பலகைகளின் அடியில் சின்னச் சின்னக் கும்பல்கள். எஞ்சின் விளக்கு பெரிதாகி, கடந்து, பெட்டிகள் ஓடி, மெதுவாகி, நின்றன. பலகைக்கும் பெட்டிக் கதவுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு எட்டு இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. அந்த எட்டுகளை ஓடிக் கடப்பது டிக்கெட்டிலேயே சேர்ந்தது.

பெரியவர் மட்டும் ஓடாமல் எஞ்சின் நின்ற திசையைப் பார்த்துக்கொண்டு நடந்தார். இருபதுக்கு மேற்பட்ட பெட்டிகள், ஏறக்குறைய அரை கிலோமீட்டர் நீளம். அத்தனைக்கும் பிரேக் ஒரு காற்றுக் குழாயில் இருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தத்தில் நிரம்பியிருக்கும் குழாய் அது. ஏ9 என்று அவர்கள் சொல்லும் கைப்பிடியால் லோகோ பைலட் அந்த அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்குவார். இறங்கிய சேதி கடைசிப் பெட்டிக்குப் போய்ச் சேரச் சில விநாடிகள் ஆகும். அதையும் கணக்கில் வைத்து, சிக்னல் கம்பம், நடைபாலம், நடைமேடையின் தொடக்கம் என்று கண்ணுக்குப் பழகிய அடையாளங்களை நம்பி, இருட்டில் அவர் நிறுத்துகிறார். பத்து எட்டுப் பிசகு ஒரு பிசகா என்ன!

2023 செப்டம்பர் 24 முதல் இதே ஜங்ஷனில் நெல்லை–எழும்பூர் வந்தே பாரத்தும் நிற்கிறது. தானாகத் திறந்து மூடும் கதவு அதற்கு உண்டு. ஆனால் கதவு இந்த இடத்தில்தான் வர வேண்டும் என்று நடைமேடை அதனிடம் கேட்பதில்லை. கேட்கிற நடைமேடையை அடுத்த நாள் காலையில்தான் பெரியவர் பார்த்தார்.

எழும்பூரில் இறங்கி, சுரங்கப் பாதையில் நடந்து, பையை ஸ்கேனருக்குக் கொடுத்து வாங்கி, எஸ்கலேட்டரில் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அவர் இறங்கினார். மருமகன் பின்னால், ஆல்பத்தோடு. நானும் அதே பக்கம்தான் போக வேண்டியிருந்தது. சென்னை மெட்ரோவின் பச்சை வழித்தடத்தில் இந்தத் துண்டு 2018 மே 25 அன்று திறந்தது. நடைமேடை ஓரத்தில் தண்டவாளத்தைக் காணோம், கண்ணாடிச் சுவர்தான் இருக்கிறது. சுவரில் வரிசையாகக் கதவுகள், மூடியிருந்தன.

"வண்டி எங்கனடா வரும்?"

"கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமா."

பெரியவர் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பார்த்தார். காவலாளி விசில் ஊதினார். பெரியவர் ஓரடி பின்வாங்கினார்.

முதலில் இரைச்சல், பிறகு கண்ணாடியில் ஒளி, பிறகு ஓடும் சன்னல்கள். ஓட்டம் தளர்ந்து நின்றது. வண்டியின் கதவும் கண்ணாடிக் கதவும் ஒருசேர விலகின. மருமகன் உள்ளே ஒரு காலை வைத்துவிட்டார்.

"செத்தப் பொறு" என்றார் மாமா.

"ஏறுங்க மாமா, கதவு மூடிரும்."

"மூடட்டும். அடுத்தது வரும்ல?"

வண்டி போய்விட்டது. மருமகன் செல்போனை எடுத்துக்கொண்டு தூணில் சாய்ந்தார். பெரியவர் கண்ணாடிக் கதவின் ஓரச் சட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வண்டி நின்றபோது அதன் கதவு விளிம்பு அந்தச் சட்டத்துக்கு எவ்வளவு தள்ளி நின்றது என்பது அவருக்கு மனதில் இருந்தது போலும். அடுத்த வண்டி வந்து நின்றதும் விரலைக் கிடையாக நீட்டி, ஒரு கண்ணை மூடி அளந்தார்.

"அது ரெண்டு வெரக்கடை முன்ன நின்னுச்சு. இது ஒரு வெரக்கடை பின்ன."

"டிரைவர் மாறியிருப்பாரு" என்றார் மருமகன், தலை நிமிராமல். பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "இல்ல மாமா, இது தானா நிக்கிறதாம். டிரைவரு சும்மா உக்காந்துருப்பாரு."

சும்மா என்பது அதிகம். கதவுகளைக் கவனிப்பதும், எல்லாம் மூடியபின் புறப்பாட்டுப் பொத்தானை அழுத்துவதும், கோளாறென்றால் ஓட்டத்தைக் கையிலெடுப்பதும் அவர் பொறுப்பு. நடுவில் உள்ள ஓட்டத்தையும் நிறுத்தத்தையும் கணினி பார்க்கிறது. லண்டன் விக்டோரியா பாதை 1968இல் திறந்தபோதே ஏற்பாடு இதுதான். அங்கே ஓட்டுநர் இரண்டு பொத்தான்களை ஒருசேர அழுத்துவார், வண்டி அடுத்த நிலையத்தில் போய்த் தானே நிற்கும். தண்டவாளத்தின் சில துண்டுகளில் குறிப்பிட்ட அதிர்வெண்ணில் மின்சாரம் ஓடும். 100 ஹெர்ட்ஸுக்கு ஒரு மைல் வேகம் என்று கணக்கு. வண்டி அந்தத் துண்டைக் கடக்கையில் தன் வேகத்தை அதோடு ஒப்பிட்டு பிரேக்கைக் கூட்டும், குறைக்கும். கணினி வண்டியேறாத காலம் அது.

மூன்றாவது வண்டியில் ஏறினார்கள். நானும்.

உட்கார இடமிருந்தும் பெரியவர் உட்காரவில்லை. கதவோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தரையில் கால்களைச் சற்று அகட்டி, மெஷின் பக்கத்தில் நிற்கிறாற்போல் நின்றார். நேரு பூங்காவை நெருங்கும்போது பிரேக் பிடிப்பதை அவர் முழங்கால் உணர்ந்தது எனக்குத் தெரிந்தது. அழுத்தம் படிப்படியாகக் கூடியது, ஒரே சீராக இருந்தது, நிற்பதற்கு முந்திய நொடியில் தளர்ந்தது. தொங்கும் கைப்பிடிகள் லேசாக ஆடி அடங்கின. நின்றுகொண்டிருந்த ஒரு கல்லூரிப் பெண் எதையும் பிடிக்காமலே தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"சக்கரத்தச் சுத்த விட்டு எண்ணுவான்" என்று பெரியவர் தனக்குத்தானே சொன்னார். மெஷின்காரர், எண்ணிக்கை எங்கே நடக்கும் என்று ஊகித்துவிட்டார். பிறகு மருமகனிடம்: "ஏன் மாப்ள, சக்கரம் தேஞ்சா என்ன பண்ணுவான்?"

"அதெல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கும் மாமா."

அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. எனக்கும்தான். இந்தக் கேள்விக்குள்தான் மொத்த விஷயமும் இருக்கிறது.

860 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 2.70 மீட்டர். கணினி சுற்றுகளை எண்ணிப் பெருக்கி, இவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று சொல்லும். தண்டவாளத்தில் உரசி உரசிச் சக்கரம் 6 மில்லிமீட்டர் தேய்ந்துவிட்டது. சுற்றுக்கு இரண்டு சென்டிமீட்டர் கூடக் குறையவில்லை. ஆனால் ஒரு கிலோமீட்டருக்கு 370 சுற்று. கூட்டினால் ஏழு மீட்டர். பழைய விட்டத்தையே நம்பும் கணினி, வராத இடத்துக்கு வந்துவிட்டதாக எண்ணி ஏழு மீட்டர் முன்னதாகவே வண்டியை நிறுத்தும். கதவுக்கு நேரே கண்ணாடி இருக்கும். மெட்ரோவில் நிலையத்துக்கு நிலையம் தூரம் பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் அளவுதான், ஆக இது ஒவ்வொரு நிறுத்தத்திலும் நடக்கும்.

ஆகவே அந்த எண்ணிக்கையை யாரும் அப்படியே நம்புவதில்லை. தண்டவாளங்களுக்கு நடுவே ஆங்காங்கே பீக்கன்கள் பதித்திருக்கும். தட்டையான பெட்டிகள், உள்ளே பேட்டரிகூட வேண்டியதில்லை. வண்டி மேலே போகும்போது அதன் அடியிலுள்ள ஆன்டெனா அனுப்பும் அலையிலேயே விழித்து, தான் யார் என்று சொல்லும். கணினியிடம் பாதையின் முழு வரைபடம் உண்டு: எந்த பீக்கன் எங்கே, எங்கே ஏற்றம், எங்கே இறக்கம், எங்கே நிற்க வேண்டும். பீக்கன் பேசிய நொடியில் அதுவரை சேர்ந்த பிசகை அழித்துவிட்டு அங்கிருந்து புதிதாக எண்ணத் தொடங்கும். நிலையம் நெருங்க நெருங்க பீக்கன்களை நெருக்கமாக வைப்பார்கள். சக்கரத் தேய்மானத்துக்கும் விடை இதிலேயே கிடைக்கிறது. இடைவெளி தெரிந்த இரண்டு பீக்கன்களுக்கு நடுவே சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று பார்த்தால் போதும், இன்றைய விட்டம் தெரிந்துவிடும். இது போக, பணிமனையில் சக்கரத்தைக் கடைந்தால் ஆள் அளந்து புது விட்டத்தைப் பதிவு செய்வதும் உண்டு.

இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அதற்குள் கீழ்ப்பாக்கம்.

இடம் தெரிந்துவிட்டால் நிறுத்திவிடலாம் என்பதும் இல்லை. மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் வண்டி விநாடிக்கு விநாடி ஒரு மீட்டர் வீதம் வேகத்தைக் குறைத்தால், நிற்க 22 விநாடியும் 247 மீட்டரும் ஆகும். பிரேக்கின் பிடியில் நூற்றில் ஒரு பங்கு மாறினாலே இரண்டரை மீட்டர் தள்ளிப்போகும். பிடியோ நிமிடத்துக்கு நிமிடம் மாறும். ஆள் கூடினால் எடை கூடும். அதைப் பெட்டியைத் தாங்கும் காற்றுத் தலையணையின் அழுத்தத்திலிருந்து தெரிந்துகொண்டு பிரேக் தன் பலத்தைக் கூட்டும். வேகமாக ஓடுகையில் மோட்டாரே மின்னாக்கியாக மாறி வண்டியை இழுத்துப் பிடித்து, கிடைக்கும் மின்சாரத்தை மேலேயுள்ள கம்பிக்குத் திருப்பும். வேகம் தணிந்ததும் காற்றுப் பிரேக்கின் உரசல் வேலையை வாங்கிக்கொள்ளும். ஒன்று விட்டு மற்றொன்று பிடிக்கும் அந்தக் கைமாற்றத்தில் துளி தாமதமானாலும் நிற்கிறவர்கள் தள்ளாடுவார்கள். அதனால் ஒரே தரம் கணக்குப் போட்டு பிரேக்கை அழுத்திவிட்டு உட்கார்ந்திருப்பது நடக்காது. இந்த நொடியில் இருக்க வேண்டிய வேகம் என்ன, இருக்கிற வேகம் என்ன என்று விநாடிக்குப் பல முறை பார்த்துப் பார்த்துத் திருத்த வேண்டியிருக்கிறது.

ஜப்பானின் செண்டாய் நகரில் 1987இல் திறந்த சுரங்க ரயிலுக்கு ஹிட்டாச்சிப் பொறியாளர்கள் இதை வேறு மாதிரி செய்தார்கள். பிரேக்கை இப்படி மாற்றினால் நிறுத்தம் எப்படியிருக்கும், பயணிக்குச் சுகமாக இருக்குமா, இடம் சரியாக வருமா என்று முன்கூட்டியே எடைபோட்டு, 'ஏறக்குறைய சரி', 'மிக நன்று' என்ற பாணியில் முடிவெடுக்கும் ஃபஸ்ஸி கணக்கு. அதாவது பழுத்த ஓட்டுநர் எப்படி யோசிப்பாரோ அதையே இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நேற்றிரவு விருதுநகரில் ஏ9-ஐப் பிடித்திருந்தவர் சிரித்திருப்பார்.

திருமங்கலம் தாண்டியதும் வண்டி ஏறத் தொடங்கியது. சன்னலில் வெளிச்சம் வந்தது. கோயம்பேடு உயர்பாதை நிலையம். 2015 ஜூன் 29இல் சென்னையின் முதல் மெட்ரோ ஓடியது இங்கிருந்து ஆலந்தூர் வரைதான். இந்த உயர்பாதை நிலையங்களைக் கண்ணாடிச் சுவர் இல்லாமல் கட்டினார்கள். கீழே சுரங்கத்தில் அந்தச் சுவர் ஆள் விழாமல் காப்பதோடு ஏசிக் காற்றையும் காக்கிறது. 1987இல் சிங்கப்பூர் சுரங்க நிலையங்களில் கதவு வைத்ததற்கும் குளிர் ஒரு காரணம். மேலே திறந்த வெளி.

இரவு மழை பெய்திருந்தது. தண்டவாளம் நனைந்து கிடந்தது. பெரியவர் அதை எட்டிப் பார்த்துவிட்டு மருமகனைப் பார்த்தார். ஏதும் கேட்கவில்லை. கேட்டும் பயனில்லை என்று முடிவு கட்டியிருப்பார். ஆனால் அவர் பார்த்தது சரியான இடம். ஈரத்தில் பிரேக் பிடித்தால் சக்கரம் சுற்றாமல் வழுக்கும். சக்கரம் நின்றுவிட்டது, வண்டி போய்க்கொண்டிருக்கிறது. எண்ணிக்கையோ 'நின்றாயிற்று' என்கிறது. இதற்காகவே பல வண்டிகளில் அடியில் ஒரு ரேடார் இருக்கும். தரையை நோக்கிச் சாய்வாக அலை அனுப்பி, திரும்பி வரும் அலையின் மாற்றத்திலிருந்து உண்மையான வேகத்தைச் சொல்லும். சக்கரம் சொல்வதும் ரேடார் சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் கணினி தன் இடத்தைப் பற்றிச் சந்தேகப்படத் தொடங்கும். சந்தேகம் வந்த வண்டி அடக்கமாக ஓடும்.

ஓட்டுகிற கணக்கும் காவல் காக்கிற கணக்கும் வேறு வேறு என்பதையும் சொல்ல வேண்டும். முதலாவது பிசகலாம். பிசகினால் இரண்டாவது, வேகம் எல்லையைத் தொட்டதுமே, யாரையும் கேட்காமல் அவசர பிரேக்கைப் போட்டுவிடும். கதவுக்கும் இதே கண்டிப்பு. வண்டி அசையாமல் நிற்கிறது, உரிய இடத்தில் நிற்கிறது, நடைமேடை இந்தப் பக்கம் இருக்கிறது ஆகிய மூன்றும் உறுதியான பிறகே திறக்க அனுமதி. உரிய இடம் என்பது கோடு கிடையாது, ஒரு இடைவெளி. பல ஊர்களில் முன்னும் பின்னும் 30 சென்டிமீட்டர். கண்ணாடிக் கதவை வண்டிக் கதவைவிடச் சற்று அகலமாக வைத்திருப்பது இந்தப் பிசகை விழுங்கத்தான். பெரியவரின் இரண்டு விரற்கடையும் ஒரு விரற்கடையும் அந்த அகலத்துக்குள் காணாமல் போய்விடும். எல்லைக்கு வெளியே நின்றால் கதவு திறக்காது. வண்டி ஊர்ந்து வந்து இடத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

அரும்பாக்கத்தில் ஒரு அம்மாள் பூக்கூடையோடு ஏறினார். நடைமேடையில் வரைந்திருந்த அம்புக்குறியின் மேல் அவர் கூடையை வைத்து நின்றிருந்தார். கதவு அங்கேயே வந்து திறந்தது. எதையும் பார்க்காமல், நடையைக்கூட மாற்றாமல் உள்ளே வந்து கூடையை இறக்கினார். இதுதான் சாதாரணம் என்பது போல.

வடபழனியில் மூவரும் இறங்கினோம். ஆர்க்காடு சாலைக்கு மேலே இரண்டாம் கட்டத்தின் கான்கிரீட் பாதை, இந்தப் பாதையைக் குறுக்கே தாண்டிப் பூந்தமல்லிப் பக்கம் போகிறது. மருமகன் ஆல்பத்தைத் தோள் மாற்றிக்கொண்டு அண்ணாந்து காட்டினார்.

"அந்தப் பாதையில வர்ற வண்டிக்கு டிரைவரே கெடையாதாம் மாமா."

பெரியவர் லென்ஸ் இருக்கிறதா என்று சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"சக்கரத்த அளக்குறவன் இருப்பான்ல?"

"இருப்பான், இருப்பான். வாங்க, அக்கா ரெண்டு தடவ போன் பண்ணிருச்சு."